சிலிம் ரிவரில் ஒரு ராடோ

வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994இல் முழுமையடைந்த பிறகு, கோலாலம்பூரிலிருந்து ஈப்போ போகிறவர்களுக்குச் சிலிம் ரிவருக்குள் நுழைய வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. எனக்கென்னவோ இங்கே இறங்கி ஒரு தே தாரேக் குடிக்காமல் தாண்டிப் போக மனம் வருவதில்லை. ரயில் நிலையம், பழைய பெருஞ்சாலை, கடைவீடுகள். ஊரைத் தாண்டினால் ஒரு காலத்தில் பால்மரம் நின்ற இடங்களில் செம்பனை. 1942 ஜனவரி 7ஆம் தேதி விடியுமுன் ஜப்பானிய டாங்கிகள் பிரிட்டிஷ் இந்தியப் படையை உடைத்துக்கொண்டு போனது இந்தச் சாலையில்தான்.

தோட்டத்துக் குடும்பங்களில் கைக்கடிகாரம் என்றால் பலருக்கும் ராடோதான். மாப்பிள்ளைக்கு மோதிரத்தோடு அதையும் போட்டால்தான் சபையில் நிறைவு. பசார் மாலாம் மேசையில் அறுபது வெள்ளிக்குக் கிடைக்கும் ‘ரோலெக்ஸ்’ சட்டப்படி குற்றம்தான். ஆனால் அதை அசல் என்று நம்பி யாரும் வாங்குவதில்லை. என் பயமெல்லாம் கைப்பேசியில் படம் வரும் ‘செகண்ட் ஹேண்ட் ஒரிஜினல், பெட்டி இருக்கு, கார்டு இருக்கு’ சரக்கைப் பற்றித்தான்.

அன்று அஞ்சடியில் கண்ணாடிப் பெட்டியோடு உட்கார்ந்திருந்த கடிகாரக்காரரிடம் ஓர் அம்மா வந்தார். கைக்குட்டையில் சுற்றிய ராடோ டயாஸ்டார்.

“அண்ணே, மாப்பிள்ளைக்குப் போடணும். தொள்ளாயிரம் வெள்ளி சொல்றான். பத்து வருசம் கட்டினதாம்.”

“பணம் கொடுத்துட்டியாம்மா?”

“இல்லண்ணே. சாயங்காலம் வரைக்கும் டைம் கேட்டிருக்கேன்.”

புதிய ஆட்டோமேட்டிக் ராடோ சில ஆயிரம் வெள்ளி விலை. தொள்ளாயிரம் என்பது நம்பவும் வைக்கும், ஆசையும் காட்டும். நன்றாகத்தான் யோசித்து வைத்திருக்கிறார்கள்.

அவர் கடிகாரத்தை இப்படியும் அப்படியும் சாய்த்தார். ஆட்டோமேட்டிக் ராடோவின் முகத்தில் ஒரு குட்டி நங்கூரம் இருக்கும். சாய்த்தால் ஊஞ்சல்போல் ஆடும். இதில் ஆடவில்லை. “பழசுல அழுக்கு சேர்ந்து சிக்கியிருக்கலாம். இத மட்டும் வச்சுச் சொல்லக் கூடாது” என்றார். பேட்டரியில் ஓடும் ராடோவில் நங்கூரம் ஆடாது என்பதையும் சொல்லிவைத்தார்.

பிறகு விளக்கடியில் விளிம்பைப் பார்த்தார். 1962இல் டயாஸ்டார் வந்தபோது அதன் பெருமையே கீறல் விழாத உடல்தான்; டங்ஸ்டன் கார்பைடு என்னும் கடின உலோகம். சாவிக்கொத்து உரசினாலும் எளிதில் கோடு விழாது. இதன் விளிம்பு முழுக்க முடிபோல் கீறல்கள். தங்கநிறப் பட்டையின் மூலைகளில் முலாம் தேய்ந்து வெள்ளை தெரிந்தது. விநாடி முள் என்னவோ வழுக்கிக்கொண்டுதான் ஓடியது. முன்பு போலி என்றால் பேட்டரி முள்போல் தட்டித் தட்டி ஓடும். இப்போது மலிவான ஆட்டோமேட்டிக் இயந்திரமே உள்ளே வைத்துவிடுகிறார்கள், அதனால் அந்தச் சோதனைக்கு மதிப்பில்லை. கடைசியாகப் பின்மூடியைத் திறந்தார். உள்ளே ராடோ என்றோ சுவிஸ் என்றோ ஓர் எழுத்தில்லை.

அட்டையும் பெட்டியும்? அவற்றையும் அச்சடிக்கிறார்கள்.

“கடையில, ரசீதோட வாங்கும்மா” என்றார். காரணம் உண்டு. மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் ஐந்து வெள்ளி கட்டி, 50,000 வெள்ளி வரை வழக்கறிஞர் இல்லாமலே கோரலாம். ஆனால் எதிர்த்தரப்பு வியாபாரியாக இருக்க வேண்டும். பெயரும் முகவரியும் வேண்டும். கைப்பேசி எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு யார் மேல் மனு போடுவது?

அந்த அம்மா அங்கேயே நின்று போன் போட்டார். “தம்பி, சாமான் வேணாம். வந்து வாங்கிக்க.” மறுமுனையில் விலை ஐந்நூறானது. இவர் பேசவில்லை. நான் தேநீரை முடிப்பதற்குள் இருநூற்றைம்பதுக்கு வந்திருந்தது.