இந்த ஊர் சுப்ரமணியங்கள்

லெஸ்டர், இங்கிலாந்து

எதிர் வீட்டு அம்மையார் ஓய்வுபெற்ற ஆசிரியை. இந்த வாரம் குப்பைத் தொட்டியை வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்த என்னை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார். "இந்த ஊரில் இன்னும் சில சுப்ரமணியங்கள் இருக்கிறார்களே, எல்லாரும் உங்கள் சொந்தமா?" வாக்காளர் பட்டியலில் பார்த்தாராம்.

சுப்ரமணியம் என் அப்பா. பாஸ்போர்ட் எடுக்கும்போது இனிஷியலை விரித்து எழுதச் சொன்னார்கள், எழுதினேன். அன்று முதல் கடல் தாண்டிய இடத்திலெல்லாம் நான்தான் மிஸ்டர் சுப்ரமணியம். மன்னார்குடிக் கடைத்தெருவில் யாராவது அப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க வேண்டியவர் அப்பா, நானில்லை. மனைவியின் சர்நேம் அவள் அப்பா பெயர். மகளின் சர்நேம் என் பெயர். ஒரே வீட்டில் மூன்று சர்நேம். இதையெல்லாம் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்ட அம்மையார், "அப்படியானால் உங்கள் முன்னோரை எப்படித்தான் தேடுவது, பாவம்!" என்றார். அந்தப் 'பாவம்' எனக்குப் பிடிக்கவில்லை.

அவர் கேட்டதற்குக் காரணம் உண்டு. ஒரே ஒரு சர்நேமை எடுத்துக்கொண்டு, அதைத் தாங்கிய அத்தனை பேரையும் ஏடுகளில் தேடிச் சேர்ப்பவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். 1979-இல் இதற்கென்றே 'கில்ட் ஆஃப் ஒன்-நேம் ஸ்டடீஸ்' என்று சங்கம் தொடங்கினார்கள். ஒருவர் ஒரு பெயரைப் பதிந்துகொண்டால், அதன் எழுத்து வேறுபாடுகளோடு உலகத்தின் எந்த மூலையில் அது தென்பட்டாலும் சேகரிக்க வேண்டும். அந்தப் பெயரைப் பற்றி யார் விசாரித்தாலும் பதில் சொல்ல வேண்டும். தாத்தா பாட்டியைத் தேடுவது வேறு, இது வேறு. இதில் வருகிறவர் சொந்தமாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அம்மையாரும் தன் கணவர் வீட்டுப் பெயரை இப்படித்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார். கணவர் காலமான பிறகு வேகம் கூடியிருக்கிறது.

ஏடுகளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் 1538-இல் போட்ட உத்தரவால், ஒவ்வொரு ஊர் தேவாலயமும் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் எழுதி வைக்கத் தொடங்கியது. 1837 ஜூலை 1 முதல் அரசாங்கமே பதிவை ஏற்றுக்கொண்டது. அங்கேதான் விவகாரம். 1983 வரை பதிவு அட்டவணை ஆண்டுவாரியாக இல்லை, காலாண்டுவாரியாக. மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் என்று நான்கு கட்டு. மார்ச் காலாண்டு என்றால் ஜனவரி, பிப்ரவரி, மார்ச். இன்னொன்று, குழந்தை பிறந்த நாள் கணக்கில்லை, பதிந்த நாள்தான் கணக்கு. பதிய 42 நாள் அவகாசம் உண்டு. ஆகவே டிசம்பரில் பிறந்த பிள்ளையை அடுத்த வருஷ மார்ச் கட்டில் தேட வேண்டியிருக்கும். கண்டுபிடித்தால் பெயருக்கு எதிரே மாவட்டம், தொகுதி எண், பக்க எண். அதை எழுதிக் கட்டணம் கட்டினால் சான்றிதழின் நகல் தபாலில் வரும். அவர் உனக்கு என்ன உறவு என்று கேட்பதில்லை. கடந்த ஐம்பது வருஷத்துப் பிறப்பென்றால் மட்டும் கூடுதல் விவரம் கேட்பார்கள். முன்பின் தெரியாதவரின் பிறப்புச் சான்றிதழைப் பணம் கட்டி வாங்கலாம் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம். என் சொந்தப் பிறப்புச் சான்றிதழுக்கு நான் நம் ஊரில் அலைந்த கதை உங்களுக்குத் தெரியாததா?

மக்கள்தொகைக் கணக்கையும் நூறு வருஷம் பூட்டி வைத்துத் திறக்கிறார்கள். 1921 கணக்கு 2022 ஜனவரியில்தான் வெளியே வந்தது. அடுத்தது 2032-இல் என்று காத்திருக்க முடியாது. 1931 கணக்கு 1942 டிசம்பரில் தீப்பிடித்து எரிந்துபோயிற்று. 1941-இல் போர், கணக்கே எடுக்கவில்லை. இதைச் சொல்லும்போது அம்மையாரின் முகத்தில் துக்க வீட்டுக் களை.

நான் குடியிருக்கும் இந்த லெஸ்டரே இந்தப் படிப்புக்குப் பேர்போன ஊர். 1965-இல் ஆங்கிலேய சர்நேம்களை வட்டாரம் வட்டாரமாக ஆராயும் திட்டம் இந்தப் பல்கலைக்கழகத்தில்தான் தொடங்கியது. பின்னால் மரபணுக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். தகப்பனிடமிருந்து மகனுக்குப் போவது சர்நேம் மட்டுமில்லை, ஒய் குரோமோசோமும்தான். இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று இங்கே டூரி கிங், மார்க் ஜோப்ளிங் இருவரும் பார்த்தார்கள். ஸ்மித் போன்ற பெயரில் ஒன்றும் ஒட்டவில்லை. கொல்லுப்பட்டறை இருந்த ஊரிலெல்லாம் ஸ்மித் முளைத்திருக்கிறான். அரிதான பெயர்களில், அதைத் தாங்கிய ஆண்களில் பெரும்பாலோர் ஒரே முன்னோனிடம் போய் நிற்கிறார்கள்.

ஆனால் 2012-இல் இதே ஊரில் கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் மூன்றாம் ரிச்சர்டு மன்னரின் எலும்புக்கூடு கிடைத்ததே, அப்போது என்ன நடந்தது? தகப்பன் வழி உறவினர் என்று ஏடு சொன்னவர்களின் ஒய் குரோமோசோம் மன்னருடையதோடு பொருந்தவில்லை. நடுவில் எங்கோ ஒரு தலைமுறையில் ஏடு ஒன்று சொல்ல, ரத்தம் வேறு சொல்லியிருக்கிறது. மன்னரை அடையாளம் காட்டியது அவருடைய அக்காவின் பெண் வழி. அந்த வழியில் சர்நேம் தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டே வந்தது. இதை நான் எடுத்துச் சொன்னபோது அம்மையார் டீ ஆறுகிறது என்றார்.

அந்தப் பெண் வழியைத்தான் இவர்களுடைய கல்யாண ஏடு வெகு காலம் கண்டுகொள்ளவே இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கல்யாணப் பதிவில் மாப்பிள்ளை, பெண் இருவருடைய தகப்பன் பெயர், தொழில் மட்டுமே எழுதினார்கள். அம்மா பெயருக்கு 2021 மே 4 அன்றுதான் இடம் கிடைத்தது. நூற்றெண்பத்து மூன்று வருஷம்!

இதைவிட வேடிக்கை சார்லஸ் டார்வின் வீட்டுக் கதை. அவர் கட்டிக்கொண்டது எம்மா வெட்ஜ்வுட்டை. டார்வினின் தாய் சூசன்னாவும் எம்மாவின் தகப்பனும் கூடப்பிறந்தவர்கள். அதாவது சொந்தத் தாய்மாமன் மகள், நம் கணக்கில் அசல் முறைப்பெண். அவர்களுடைய மகன் ஜார்ஜ் டார்வின், இங்கிலாந்தில் எத்தனை பேர் இப்படி ஒன்றுவிட்ட உறவில் மணக்கிறார்கள் என்று கணக்கிட்டு 1875-இல் கட்டுரை எழுதினார். எப்படிக் கணக்கிட்டார் தெரியுமா? மணமகன், மணமகள் இருவருக்கும் ஒரே சர்நேம் இருக்கும் கல்யாணங்களை எண்ணி, அதிலிருந்து மொத்தத்தை ஊகித்தார். ஒரே சர்நேம் என்றால் அண்ணன் தம்பி பிள்ளைகள். நமக்கு அது பங்காளி முறை, அண்ணன் தங்கை உறவு, காதில் கேட்கவே கூசும். அவரைப் பெற்றவர்களின் கல்யாணமோ டார்வினுக்கும் வெட்ஜ்வுட்டுக்கும் நடந்தது. அந்த எண்ணிக்கையில் அது நேராக விழாது. நம்ம ஊர்க் கிழவி ஒருத்தி பக்கத்தில் இருந்திருந்தால் ஒரே மூச்சில் முறை சொல்லியிருப்பாள்.

சர்நேம் இல்லாததற்கு நான் வெட்கப்படுவதாக இல்லை. 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அதன் பலனை அனுபவிக்கும் தலைமுறை நான். இந்த ஊரில் எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒரு பட்டேல் இருக்கிறார். என் பெயரைக் கேட்கும் அவர்களில் சிலர், சர்நேம் சுப்ரமணியம் என்றால் நீங்கள் என்ன ஆட்கள் என்று கண்டுபிடிக்க முடியாமல் தவிப்பதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம். (அதனால் சாதி போய்விட்டதா என்று எழுதிக் கேட்காதீர்கள். அதற்கு வேறு மடல் வேண்டும்.)

ஆனால் இங்கே என் பெயர் மகளிடம் சர்நேமாகிவிட்டது. அவளுக்குத் தம்பி ஒருவன் பிறந்தால் அவன் பிள்ளைகளுக்கும் அதே பெயர்தான் போகும். 2016-இல் ஆக்ஸ்போர்டு வெளியிட்ட குடும்பப் பெயர் அகராதியில், நூறு பேருக்கு மேல் தாங்கும் பெயருக்கெல்லாம் இடம் கொடுத்திருக்கிறார்கள், குடியேறியவர்களின் பெயர்கள் உட்பட. நாளைக்கு யாராவது வந்து நம் அப்பாக்களின் பெயர்களை ஒரே குலமென்று நினைத்து ஆராயக்கூடும்.

அம்மையாரிடம் கடைசியில் மொய் நோட்டைப் பற்றிச் சொன்னேன். ஊர், இன்னார் மகன் இன்னார், தொகை என்று கல்யாணத்துக்குக் கல்யாணம் ஒரு நோட்டு. முதல் வரி தாய்மாமன். பெண் எடுத்த ஊர், பெண் கொடுத்த ஊர் எல்லாம் அதில் வந்துவிடும். சர்நேம் பிடித்துப் போகிறவர்களுக்குச் சிக்காத சம்பந்த வழி முழுக்க அதில் இருக்கிறது. அம்மையார் உண்மையிலேயே அசந்துபோனார். ஒரு பக்கத்தையாவது பார்க்க வேண்டும், படம் கிடைக்குமா என்றார்.

அன்றிரவே அண்ணனைக் கூப்பிட்டேன். அப்பா கல்யாணம், அத்தைகள் கல்யாணம், அக்கா கல்யாணம், எல்லா நோட்டும் பரண் மேல் இருக்குமே, போட்டோ எடுத்து அனுப்பு என்றேன்.

"அதெல்லாம் பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டு எத்தனையோ வருஷமாச்சுடா" என்றான். "அதான் எல்லாருக்கும் திருப்பிச் செஞ்சாச்சே. அப்புறம் நோட்டு எதுக்கு?"