பூஜ்யத்தைத் துரத்தாதே

தூத்துக்குடி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. நீ சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய தைலம்தான் காரணம் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் மறுத்துப் பேசவில்லை.

உன் பவழத் தொட்டியின் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மணலில் படர்ந்திருக்கும் அந்தச் சிவப்பு ஆடை சயனோபாக்டீரியாவாகத்தான் இருக்கும். கடைக்காரர் சிவப்புப் பாசி என்று சொன்னதில் பெரிய தப்பில்லை, ஊரே அப்படித்தான் சொல்கிறது. ஆனாலும் மருந்து வாங்க ஓடுவதற்கு முன் உறுதி செய்துகொள். மணலிலிருந்து விரலால் தூக்கினால் துண்டு துண்டாக, தோல் உரிவதுபோல் வருகிறதா? மத்தியானம் அதன்மேல் காற்றுக் குமிழிகள் நின்று, காலையில் விளக்குப் போடும் முன் சுருங்கிக் கிடக்கிறதா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் சயனோதான். பழுப்பு நிறத்தில் சளிபோல நூல் நூலாகத் தொங்கி, நுனியில் குமிழி கட்டினால் அது டைனோஃபிளாஜெல்லேட். அதற்கு வைத்தியமே வேறு. சந்தேகமாக இருந்தால் சின்னவனின் பள்ளி மைக்ராஸ்கோப்பில் ஒரு துளி வைத்துப் பார். கிளை விடாத மெல்லிய இழைகள் மெதுவாக வழுக்கி நகர்ந்தால் சயனோ. உருண்டை மணிகள் சுற்றிச் சுழன்று ஓடினால் டைனோ. சின்னவனையும் பார்க்கச் சொல், அவனுக்கு ஒரு வாரத்துக்குக் கதை கிடைக்கும்.

இப்போது நீ பெருமையாக எழுதிய வரிக்கு வருகிறேன். நைட்ரேட் பூஜ்யம், பாஸ்பேட் 0.15, "தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது அக்கா" என்று எழுதியிருந்தாய். அதற்காகத் தினமும் தொட்டியில் வோட்கா ஊற்றுகிறாய் என்றும் எழுதியிருந்தாய். அம்மாவுக்கு வாசித்துக் காட்டும்போது அந்த வரியைத் தாண்டிவிட்டேன்.

கோளாறு அந்தப் பூஜ்யத்தில்தான் இருக்கிறது. அப்பா வயலில் நீலப்பச்சைப் பாசி உரம் போட்டது உனக்கு நினைவிருக்கும். நெல்வயலில் தேங்கிய தண்ணீரில் அது காற்றின் நைட்ரஜனைப் பிடித்துப் பயிருக்குத் தழைச்சத்தாகக் கொடுக்கும். உன் மணலில் படர்ந்திருப்பதும் அதே குடும்பம். எல்லா இனங்களாலும் முடியாது, ஆனால் பல இனங்களால் தண்ணீரில் கரைந்த நைட்ரஜன் வாயுவையே உணவாக்கிக்கொள்ள முடியும். நீ ஊற்றும் வோட்காவின் கார்பனைத் தின்று பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. பெருகும்போது நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் இழுத்துக்கொள்கின்றன, ஸ்கிம்மர் அவற்றை நுரையோடு வெளியே தள்ளுகிறது. தழைச்சத்து முதலில் தீர்ந்துபோகிறது, மணிச்சத்தான பாஸ்பேட் மிச்சம் நிற்கிறது. பச்சைப் பாசியும் பவழத்துக்குள் வாழும் பாசியும் தழைச்சத்து இல்லாமல் தவிக்கும்போது, அது தேவையே இல்லாத ஒருவன் வந்து இடம் பிடிக்கிறான்.

நம் மன்னார் வளைகுடாவிலும் இதைப் பார்க்கலாம். பங்குனி, சித்திரையில் காற்று ஓய்ந்து கடல் அசையாமல் கிடக்கும் நாட்களில் டிரைகோடெஸ்மியம் என்ற சயனோ பழுப்பு நிறத்தில் பட்டை பட்டையாக மிதக்கும். வெதுவெதுப்பான நீர், அலை இல்லை, நைட்ரேட் கிட்டத்தட்ட இல்லை: இந்த மூன்றும் சேர்ந்தால் அதற்குக் கொண்டாட்டம். உன் தொட்டியில் மூன்றும் இருக்கின்றன. 28.5 டிகிரி என்று எழுதியிருக்கிறாய். சில்லரைச் சரிபார்த்து 26க்குக் கொண்டுவா.

எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. கடல் மிதவை உயிரிகளில் 16 பங்கு நைட்ரஜனுக்கு 1 பங்கு பாஸ்பரஸ் என்ற விகிதம் ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்டின் பெயரால் வழங்குகிறது. பவழத் தொட்டி வைத்திருப்பவர்கள் அதை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிறார்கள். அவர் அளந்தது திறந்த கடலை, உன் வரவேற்பறையில் இருக்கும் 200 லிட்டரை அல்ல. நைட்ரேட் 5க்குப் பக்கத்திலும் பாஸ்பேட் 0.05க்குப் பக்கத்திலும் வாரக்கணக்கில் ஆடாமல் நின்றால் எனக்குப் போதும். எந்த எண் என்பதைவிட அது நிலையாக நிற்பதுதான் முக்கியம். கிட் காட்டும் எண்ணையும் முழுக்க நம்பாதே. ஆடைக்கு அடியில் இரவில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும், மணலில் ஒட்டியிருக்கும் பாஸ்பேட் அங்கே அவிழும், ஆடை அதை அங்கேயே தின்றுவிடும். நீ மேலே மொண்டு சோதிக்கிற தண்ணீருக்கு அந்தச் சேதியே வந்து சேராது.

அதனால் முதல் வேலை கையால் எடுப்பதுதான். மத்தியானத்துக்கு மேல், ஆடை நன்றாக எழும்பி நிற்கும் நேரத்தில் எல்லா பம்பையும் நிறுத்து. காற்று பம்புக்குப் போடும் மெல்லிய டியூப்பை வைத்து உறிஞ்சி எடு. மறுமுனையை சம்ப்பில் உள்ள வடிகட்டிப் பைக்குள் விட்டால் தண்ணீர் வீணாகாது, உன்னால் தினமும் செய்ய முடியும். வேலை முடிந்ததும் பையை உடனே கழுவு. பிரஷ் போட்டுத் தேய்க்காதே, பிய்ந்த துணுக்குகள் போய் உட்கார்ந்த இடத்திலெல்லாம் புதிதாக முளைக்கும். மணலின் மேல்தோலை மட்டும் எடு, ஆழமாகக் கிளறாதே. டியூப்பை வாயால் உறிஞ்சும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடு. உன் படத்தின் மூலையில் தெரிவது பாலிதோவா என்று நினைக்கிறேன். அந்த இனத்தில் சில கொடிய நஞ்சு வைத்திருப்பவை.

அடுத்தது நீரோட்டம். 200 லிட்டருக்கு மணிக்கு 6000 லிட்டராவது சுழல வேண்டும். ஆடை படர்ந்த இடங்களைக் கவனித்தாயா? பாறைக்குப் பின்னால், இடது மூலையில், முன்கண்ணாடியின் அடியில். தண்ணீர் தேங்கும் இடங்களை அதுவே உனக்குக் குறித்துக் கொடுத்திருக்கிறது. பவர்ஹெட்டைக் கழற்றி வினிகரில் ஊறவைத்துக் கழுவி, அந்த மூலையைப் பார்த்துத் திருப்பி வை. தீவனத் துணுக்கு எங்கே போய் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே கோணத்தை மாற்று. பெரும்பாலான தொட்டிகளில் பாதி வியாதி இதிலேயே தீர்ந்துவிடும். ஆனால் இதில் விற்பதற்கு ஒன்றும் இல்லை என்பதால் கடைக்காரர்கள் சொல்ல மாட்டார்கள்.

வோட்காவை ஒரேயடியாக நிறுத்தாதே, அதை நம்பி வளர்ந்த பாக்டீரியாக்கள் மொத்தமாகச் செத்தால் இன்னொரு தலைவலி. வாரத்துக்குக் கால் பங்கு என்று குறைத்துக்கொண்டு வா. மீன்களுக்கு வயிறு நிறையத் தீவனம் போடு, பட்டினி போட்டுத் தொட்டியைச் சுத்தமாக வைக்கும் யோசனையே வேண்டாம். உறைந்த மைசிஸ் இறால் கட்டியை மட்டும் கரையவிட்டு டீ வடிகட்டியில் அலசிப் போடு. அந்தச் சாற்றிலும் பாஸ்பேட் இருக்கிறது.

தண்ணீரைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரில் குளோரமைன் இருக்கும். கார்பன் வடிகட்டி அதை உடைத்தால் அம்மோனியா மிஞ்சும். அதில் ஒரு பகுதி ஆர்.ஓ. சவ்வைத் தாண்டி வந்துவிடும், கடைசியில் உள்ள ரெசின்தான் பிடித்து நிறுத்தும். அந்த ரெசினைக் கடைசியாக எப்போது மாற்றினாய்? டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யம் காட்டவில்லை என்றால் ஒவ்வொரு முறை தண்ணீர் மாற்றும்போதும் நீயே உரம் ஊற்றுகிறாய் என்று அர்த்தம். பூஜ்யத்தைத் துரத்தலாம் என்றால் அது இந்த ஓர் இடத்தில்தான்.

மூன்று நாள் விளக்கை அணைத்துத் தொட்டியைப் போர்வையால் மூடலாமா என்று கேட்டிருந்தாய். மூடலாம், பவழங்கள் தாங்கும். ஆனால் முதலில் கையால் எடுத்து, நீரோட்டத்தைச் சரிசெய்த பிறகு மூடு. உள்ளே காற்றுக்கல் ஓடட்டும், ஏனென்றால் சாகும் சயனோ ஆக்சிஜனைக் குடித்துவிடும். திறந்ததும் மிச்சத்தை உறிஞ்சி, ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்று. நத்தை வாங்கிப் போடும் யோசனையைக் கைவிடு. இதை நம்பிக்கையாக மேயும் நத்தையை நான் பார்த்ததில்லை.

கடைசியாக அந்த மருந்து. பொட்டலத்தில் என்ன பெயர் போட்டிருந்தாலும் இந்த வேலைக்குப் பலரும் போடுவது எரித்ரோமைசின், மனிதர்களுக்கு டாக்டர் எழுதிக் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக். வேலை செய்யாது என்று சொல்லவில்லை. இரண்டு மூன்று நாளில் மணல் வெள்ளையாகிவிடும். ஆனால் அவ்வளவு ஆடையும் ஒரே நேரத்தில் அழுகும்போது, ஏற்கெனவே ஆக்சிஜன் குறைவான அந்தச் சூட்டு நீரில் முதலில் தவிப்பது உன் மீன்கள். காலியான இடத்தை, நைட்ரேட் இல்லாத உன் தொட்டியில், டைனோ பிடிக்க வந்தால் இந்தச் சயனோவே தேவலை என்று சொல்வாய். தண்ணீர் மாற்றும்போது அந்த மருந்தெல்லாம் சாக்கடைக்குப் போய் அங்குள்ள கிருமிகளை அதைத் தாங்கப் பழக்கும். ஓர் அலங்காரத் தொட்டிக்காக அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

ஒரே ஒரு நிலைமையில் சரி என்பேன்: கையால் எடுத்தும் கேட்காமல், ஆடை உயிருள்ள பவழத்தின் சதைமேல் ஏறினால். அதன் அடியில் ஆக்சிஜன் போய் சல்ஃபைடு சேரும், சதை கருகும். கடலிலேயே கரும்பட்டை நோய் என்று ஒன்று உண்டு. 1973இல் அன்டோனியஸ் என்பவர் பெலிஸில் முதலில் விவரித்தார். சயனோ சேர்ந்த கறுப்புப் பட்டை நகர்ந்துபோன வழியெல்லாம் வெள்ளை எலும்புதான் மிஞ்சும். உன் படங்களில் அப்படி எதுவும் இல்லை, பாறையிலும் மணலிலும்தான் இருக்கிறது. எனவே அவசரம் இல்லை.

மருந்தை வாங்காதே, வாங்கியிருந்தால் திருப்பிக் கொடு. ஞாயிற்றுக்கிழமை விளக்குப் போடும் முன் ஒரு படமும் மாலை நாலு மணிக்கு ஒரு படமும் எடு. நைட்ரேட், பாஸ்பேட், வெப்பநிலை, டி.டி.எஸ். நான்கையும் எழுதி அனுப்பு. அதைப் பார்த்துவிட்டு வோட்காவை மேலும் எவ்வளவு குறைப்பது என்று சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா