கூட்டம் சேர்ப்பவனின் கூலி



சென்ற ஆண்டு நோன்புப் பெருநாள் கழிந்த இரண்டாம் வாரம், இஷாத் தொழுகைக்குப் பின் எங்கள் இளைய மகன் சோற்றுத் தட்டின் முன் அமர்ந்து, உண்ணாமல் பிசைந்துகொண்டேயிருந்தான். ஏதோ சொல்ல வருகிறான் என்பது எங்கள் இருவருக்குமே தெரிந்தது. கடைசியில், அம்மாவைப் பார்ப்பதா அத்தாவைப் பார்ப்பதா என்று தெரியாமல் தண்ணீர்க் குவளையைப் பார்த்தபடி சொன்னான்: "சனிக்கிழமைதோறும் வாசிக்க ஓரிடம் கிடைத்திருக்கிறது."

எந்த இடம் என்று கேட்டோம். நகரத்தில் ஒரு நட்சத்திர விடுதி. அதனுள் இருக்கும் பப்.

அவன் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறான். பூந்தமல்லிப் பக்கத்துப் பொறியியல் கல்லூரியில் உடன் படித்த மூவரோடு சேர்ந்து ஒரு இசைக்குழு வைத்திருக்கிறான். அவன் கையில் கித்தார். உண்மையைச் சொன்னால், வாசிப்பதைக் காட்டிலும் ஆள் திரட்டுவதில்தான் அவன் கெட்டிக்காரன். கல்லூரி விழாக்களில் மற்றக் குழுக்கள் காலி நாற்காலிகளுக்கு வாசித்துக்கொண்டிருக்க, இவர்கள் மேடையேறும்போது மட்டும் அரங்கம் நிறைந்துவிடும். விடுதியார் அவனைத் தேடி வந்ததும் அதற்காகத்தான். பேச்சு இதுதான்: இரவுக்குச் சிறியதொரு நிலையான தொகை, எண்பது பேருக்கு மேல் வந்தால், அன்றைய மது விற்பனையில் ஒரு பங்கு கூடுதலாகக் கிடைக்கும்.

"நான் குடிக்கப் போவதில்லை. ஊற்றிக் கொடுக்கப் போவதுமில்லை. நண்பர்களை அழைப்பேன், வாசிப்பேன், வந்துவிடுவேன்" என்றான்.

அன்றிரவு நாங்கள் மறுமொழி எதுவும் சொல்லவில்லை. உடனே கூடாது என்று சொல்லியிருக்கலாம். பலர் அப்படித்தான் செய்திருப்பார்கள். இருபத்தாறு வயதுப் பிள்ளை, மறைக்காமல் வந்து சொன்னதே பெரிது என்று எங்களுக்குத் தோன்றியது.

பிறகு சில நாட்கள் அவனிடம் இந்தத் தொழிலின் உள்விவரங்களைக் கேட்டறிந்தோம். தமிழ்நாட்டில் மதுவின் சில்லறை விற்பனை 2003 முதல் அரசின் டாஸ்மாக் கையில் இருப்பது எல்லாருக்கும் தெரியும். பப் என்பது அதற்கு வெளியே, நட்சத்திர விடுதிகளும் மனமகிழ் மன்றங்களும் பெறும் உரிமத்தின்கீழ் நடப்பது. அங்கே இசைக்குழு வாசிப்பது முக்கால் மணி நேரம், பிறகு இடைவேளை, மீண்டும் முக்கால் மணி நேரம். இடைவேளை எதற்கு என்று கேட்டோம். வாசிப்பவர்கள் இளைப்பாறுவதற்கு என்று நினைத்திருந்தோம். "மேசைகளுக்கு அடுத்த ஆர்டர் எடுப்பதற்கு" என்றான். பாட்டு மிக நன்றாக இருந்துவிட்டாலும் ஆகாதாம். எல்லாரும் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தால் விற்பனை குறையும். அதைக் கேட்டபோதுதான் எங்களுக்கு ஒன்று விளங்கியது. அங்கே விற்கப்படுவது இசையன்று. விற்கப்படும் பொருளின் அருகில் மனிதரை இன்னும் ஒரு மணி நேரம் உட்காரவைக்கும் நாற்காலிதான் இசை.

கூட்டம் சேர்ப்பது பற்றியும் அவன் சொன்னான். விளம்பரப் படத்தைப் பார்த்து யாரும் வருவதில்லை; பெயர் சொல்லி அழைத்தால்தான் வருகிறார்கள். குழுவில் நால்வர் இருந்தால் ஒவ்வொருவரும் பதினைந்து பேரைத் தனித்தனியே கூப்பிட வேண்டும். கைப்பேசியில் அனுப்பும் காணொளி பதினைந்து விநாடிக்கு மேல் போகக் கூடாது. முதல் வாரம் நண்பர்கள் வருவார்கள், இரண்டாம் வாரம் பாதிப் பேர், மூன்றாம் வாரம் நாற்காலிதான் இருக்கும். ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூரிலிருந்து வருகிறவனுக்குக் கடைசி ரயிலின் கவலை வேறு. பத்து மணிக்கே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவான். ஆகவே ஒரே வட்டாரத்தையே திரும்பத் திரும்பக் கறக்காமல், வாரந்தோறும் புது முகங்களைத் தேட வேண்டும்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்கு மறைந்த அத்தாவின் நினைவு வந்தது. இவனுடைய தாத்தா.

அவர் தஞ்சை மாவட்டத்திலிருந்து வந்து, அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸில் வேலைக்குச் சேர்ந்தவர். ஜமாஅத்தில் மீலாது விழா என்றால் கூட்டம் சேர்க்கும் பொறுப்பு அவருடையது. 1982-இன் தொடக்கத்தில் நடந்த ஒரு விழாவை எங்கள் வீட்டில் இன்றும் பேசுவோம். இசைமுரசு நாகூர் ஹனிபா அவர்களை அழைக்க ஜமாஅத்துக்கு ஆசை, வசதியில்லை. அவருடைய பாடல்களைப் பாடும் உள்ளூர்க் குழு ஒன்றை அமர்த்தினார்கள். அத்தா அச்சகத்துக்குப் போனார். ரோஜா நிறத் தாளில் பிட் நோட்டீஸ், மர எழுத்தில் சுவரொட்டி. 'இசைமுரசு நாகூர் ஹனிபா' என்பது ஒரு சாண் உயரத்தில். 'பாடல்களைப் பாடுவோர்' என்பதும் குழுவின் பெயரும் எறும்பு அளவில்.

மைதாப் பசை காய்ச்சி இரவோடு இரவாக ஒட்டினார்கள். ஷிப்ட் மாறும் வேளையில் தொழிற்சாலை வாயில்களில் நோட்டீஸ் கொடுத்தார்கள். குதிரை வண்டி ஒன்றில் ஒலிபெருக்கி கட்டிப் பூந்தமல்லி வரை போய்வந்தார்கள். மார்கழிப் பனியில், இஷாவுக்குப் பின், யாரும் எதிர்பாராத கூட்டம். முஸ்லிம்கள் மட்டுமல்லர், ஹனிபாவின் குரலைக் கட்சிக் கூட்டங்களில் கேட்டுப் பழகியவர்களும், 'பாவமன்னிப்பு' படத்தில் கேட்டவர்களும் வந்திருந்தார்கள். பெண்களுக்கு ஒதுக்கிய பகுதி போதாமல் பக்கத்து வீட்டுத் திண்ணைகள் நிறைந்தன. திரை விலகியது. மேடையில் இருந்தவர் ஹனிபா அல்லர்.

கலவரம் ஒன்றும் இல்லை. அந்தக் குழு நன்றாகவே பாடியதாம். ஆனால் பட்டாபிராமிலிருந்து தம் வயதான தாயாரைக் கைத்தாங்கலாய் அழைத்து வந்திருந்த ஒருவர், அத்தாவிடம் வந்து, "பாய், அம்மாவுக்குக் கண் தெரியாது. குரலைக் கேட்டுவிட்டு, இது அவர் இல்லையே என்கிறார். என்ன சொல்ல?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். அத்தா அன்று உறங்கவில்லை. நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் ஈரம் இருப்பதைக் கண்டு வணிகரைக் கண்டித்த செய்தி முஸ்லிம் நூலில் பதிவாகியிருக்கிறது. தாம் ஒட்டியது அந்த ஈரத் தானியம்தான் என்று அவர் பிற்காலத்தில் சொல்வார். அடுத்த ஜும்ஆவுக்குப் பின் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். அதன்பின் அவர் அச்சிட்ட எந்த நோட்டீஸிலும் எல்லா எழுத்தும் ஒரே அளவு. பார்ப்பதற்கு மிக மோசமாக இருக்கும்.

கூட்டம் சேர்ப்பது பாதி வேலை, வந்தவர்களுக்குப் பொறுப்பேற்பது மறுபாதி என்பது பெரிய இடங்களிலும் மறந்துபோகிறது. 2023 செப்டம்பர் 10 அன்று பனையூரில் ஏ.ஆர். ரஹ்மானின் 'மறக்குமா நெஞ்சம்' நிகழ்ச்சியில் பயணச்சீட்டுப்போலக் காசு கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்கிய பலர் உள்ளே நுழைய முடியாமல் திரும்பியதைச் செய்திகளில் பார்த்தோம்.

இசை கூடுமா கூடாதா என்ற விவாதத்தை இங்கே தீர்த்துவைக்க நாங்கள் ஆலிம்கள் அல்லர். இசைக்கருவிகளைக் கண்டிக்கும் செய்தியும் புகாரியில் உண்டு. பெருநாளன்று ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்தில் சிறுமியர் இருவர் பாடியதை அபூபக்கர் (ரலி) அவர்கள் கடிந்துகொண்டபோது, நபியவர்கள் விட்டுவிடச் சொன்ன செய்தியும் அங்கேயே உண்டு. தஃப் மட்டுமே கூடும் என்போர் எங்கள் உறவிலேயே இருக்கிறார்கள்; அவர்கள் வீட்டுக்குப் போகும்போது மகன் கித்தாரை எடுத்துச் செல்வதில்லை. யூசுப் இஸ்லாம் அவர்கள் இஸ்லாத்தைத் தழுவியபின் கித்தார்களை ஏலத்தில் விட்டுப் பல ஆண்டுகள் விலகியிருந்தார். பிறகு மகன் வீட்டுக்குக் கொண்டுவந்த கித்தாரை மீண்டும் கையிலெடுத்து, 2006-இல் புதிய இசைத்தொகுப்பை வெளியிட்டார். ஒரே மனிதரின் வாழ்வில் இரண்டு கருத்துக்கும் இடமிருந்திருக்கிறது. ஆனால் மதுவைப் பற்றி அப்படி இரண்டு கருத்து இல்லை. மது பரிமாறப்படும் விரிப்பில் அமர வேண்டாம் என்ற செய்தி திர்மிதீயில் இருக்கிறது. மதுவின் பொருட்டுப் பத்துப் பேர் சபிக்கப்பட்டதாக வரும் செய்தியும் அங்கே இருக்கிறது: பிழிபவர், பிழியச் சொல்பவர், குடிப்பவர், சுமப்பவர், யாரிடம் சுமந்து செல்லப்படுகிறதோ அவர், ஊற்றுபவர், விற்பவர், அதன் விலையை உண்பவர், வாங்குபவர், யாருக்காக வாங்கப்படுகிறதோ அவர்.

மகன் இதை முன்பே படித்திருந்தான். "இதில் வாசிப்பவன் இல்லை. ஆள் அழைப்பவனும் இல்லை" என்றான். வாதத்துக்காகச் சொல்லவில்லை, தனக்கு ஒரு வழி இருக்கிறதா என்று தேடியிருக்கிறான். எங்களுக்கு விடை தெரியவில்லை. 'விலையை உண்பவர்' என்ற இடத்தில் எங்கள் விரல் நின்றது. ஆனால் அதை நாங்கள் சொன்னால் பெற்றோரின் தடை என்றுதான் அவன் காதில் விழும்.

எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் அவனை அழைத்துச் சென்றோம். நீண்ட பயான் ஒன்றை எதிர்பார்த்து அவன் முகத்தை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஹஜ்ரத் கூலிக் கணக்கை மட்டும் இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு, "சரி தம்பி, சனிக்கிழமை மஃக்ரிப் தொழுகிறாய். இரவு நிகழ்ச்சி இருக்கிறது. கையேந்தி அல்லாஹ்விடம் என்ன கேட்பாய்? நிறையப் பேர் வர வேண்டும் என்றா, வந்தவர்கள் நிறையக் குடிக்க வேண்டும் என்றா?" என்று கேட்டார். கேலி இல்லை, உண்மையாகவே கேட்டார். மகன் பதில் சொல்லவில்லை. தேநீர் வந்தது, குடித்தோம், வந்துவிட்டோம்.

இரண்டு நாள் கழித்து விடுதியாருக்கு மறுப்பு அனுப்பினான். அதனால் இழப்பு ஏதும் இல்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும். டிரம்ஸ் வாசிக்கும் நண்பன், ஆவடி டாங்க் பேக்டரிக் குடியிருப்பில் வளர்ந்த பிள்ளை, வேறொரு குழுவோடு அதே பப்புக்குப் போய்விட்டான். அவன் வீட்டில் தங்கையின் திருமணக் கடன் இருக்கிறது. அவன் மார்க்கம் வேறு, கணக்கும் வேறு. எங்களுக்கு அவன்மேல் வருத்தமில்லை. ஆறு ஆண்டு நட்பு. மகன் ஒரு மாதம் கித்தாரைத் தொடவில்லை. அந்த மாதம் முழுவதும், சரியான காரியம்தான் நடந்தது என்று தெரிந்தும், வீட்டில் யாருக்கும் அது சரியாக இல்லை.

பிறகு அவர்களாகவே ஒரு நிகழ்ச்சி நடத்துவதென்று முடிவாயிற்று. அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு கடையின் மாடியில் சிறிய கூடம். ஞாயிற்றுக்கிழமை, அஸருக்குப் பின் தொடங்கி மஃக்ரிபுக்கு முன் முடிய வேண்டும். நுழைவு 150 ரூபாய், தேநீரும் சமோசாவும் சேர்த்து. விளம்பரத்தை எங்களிடம் காட்டினான்: 'மூவர் வாசிக்கிறோம். எங்கள் சொந்தப் பாடல்கள் ஐந்து, மற்றவை பிறருடையவை. டிரம்ஸ் இல்லை.' எல்லாம் ஒரே அளவு எழுத்து. டிரம்ஸ் இல்லை என்பதை எதற்குப் போட வேண்டும் என்று கேட்டோம். "வந்த பிறகு தெரிவதைவிட வருமுன் தெரியட்டும்" என்றான். தாத்தாவின் கதையை அவனுக்கு எத்தனை முறை சொல்லியிருப்போம் என்று எங்களுக்கு நினைவில்லை.

வந்தவர்கள் 52 பேர். சீட்டு வாங்கியவர்கள் 44. மீதிப்பேர் உறவினரும் சிறுவரும். வரவு 6,600. கூடத்துக்கு 6,000, ஒலி அமைப்புக்கு 4,500, தேநீர் சமோசாவுக்கு 1,200. பற்றாக்குறை 5,100, ஆளுக்கு 1,700 போட்டார்கள். அந்த டிரம்ஸ் பையனும் சீட்டு வாங்கிக்கொண்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். முடிந்ததும் ஒலிபெருக்கிப் பெட்டியின் ஒரு பக்கத்தை மகன் பிடிக்க, மறுபக்கத்தை அவன் பிடித்து மாடியிலிருந்து இறக்கினான். இருவரும் என்ன பேசினார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை.

ஜமாஅத்தில் ஒரு பெரியவர், பள்ளிவாசலோடு தொடர்புள்ள குடும்பம் இப்படிக் கூத்து நடத்தலாமா என்று முகத்துக்கு நேரே கேட்டார். அவர் கவலையில் நியாயம் உண்டு. உட்கார்ந்து பேசினோம், உடன்பாடு ஏற்படவில்லை, பேச்சு முறியவும் இல்லை.

இரண்டாவது நிகழ்ச்சிக்கு 61 பேர் வந்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் ஏறத்தாழ இருபது பேர் இருந்தார்கள் என்பதில் மகனுக்கு மிகுந்த மகிழ்ச்சி. பூந்தமல்லியிலிருந்து ஒரு குடும்பம் கைக்குழந்தையோடு வந்திருந்தது. குழந்தையோடு மாலை நேரத்தில் பாட்டுக் கேட்கப் போக வேறு இடம் இல்லை என்றார்கள். பற்றாக்குறை இன்னும் தீரவில்லை. மூன்றாவது, இன்ஷா அல்லாஹ், மழைக்காலம் முடிந்து வரும் முதல் ஞாயிற்றுக்கிழமை. தேநீர் தண்ணீராக இருந்தது என்று பலர் குறை சொன்னதால், இம்முறை அதை வீட்டிலிருந்தே போட்டு அனுப்புவதாக ஒப்புக்கொண்டிருக்கிறோம்.