ரயிலைக் குறை சொல்பவர் யாருமில்லை

கடற்கரை நிலையத்தில் தாம்பரம் வண்டிக்கு நிற்பவர்களையும் வேளச்சேரி வண்டிக்கு நிற்பவர்களையும் பார்த்த மாத்திரத்தில் பிரித்துவிடலாம். தாம்பரம்காரர்கள் வண்டி நிற்பதற்குள் தொற்றிக்கொள்ளத் தயாராகப் பையை முன்பக்கம் மாட்டி நிற்பார்கள். வேளச்சேரிக்காரர்கள் தூணில் சாய்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருப்பார்கள். உட்கார இடம் கிடைத்துவிடும் என்கிற தெம்பு அது. ஆனால் வண்டியைத் தவறவிட்டால் கதை வேறு. நடுப்பகலில் ஒன்று போய்விட்டால் அடுத்தது வருவதற்குள் எதிரே பர்மா பஜாரில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வரலாம்.

சென்னைக்காரர்கள் பறக்கும் ரயில் என்று சொல்லும் இந்தப் பாதை ஏறத்தாழ 19 கிலோமீட்டர், 18 நிலையங்கள், முக்கால் மணி நேரப் பயணம். ஒரே மூச்சில் கட்டியதல்ல. 1995இல் சேப்பாக்கம் வரை வந்தது, 1997இல் மயிலாப்பூரைத் தொட்டது, 2004இல் திருவான்மியூர் போனது, 2007 நவம்பரில்தான் வேளச்சேரியை அடைந்தது. குறைந்தபட்சக் கட்டணம் இன்றும் 5 ரூபாய். ஒரு டீயின் விலைகூட இல்லை. பயணிகளிடம் பேச்சுக் கொடுத்தால் முதலில் வருவது இந்த 5 ரூபாய்தான். அதற்கு அடுத்த வாக்கியத்திலிருந்து குறைகள் ஆரம்பிக்கும்; ரயிலைப் பற்றியல்ல, அதைச் சுற்றியிருப்பவை பற்றி.

கடற்கரை, கோட்டை, பூங்கா நகர் என்று முதல் மூன்று நிலையங்கள் தரையிலேயே இருக்கின்றன. இந்தச் சின்னத் துண்டு இல்லையென்றால் என்ன ஆகும் என்பதை ஊர் 14 மாதம் அனுபவித்தது. எழும்பூர் வரை நான்காவது பாதை போடுவதற்காக 2023 ஆகஸ்ட் 27 அன்று கடற்கரை–சிந்தாதிரிப்பேட்டை இடையே வண்டிகளை நிறுத்தினார்கள். ஏழு மாதம் என்றார்கள். 2024 அக்டோபர் 29 அன்றுதான் மறுபடி ஓடின. அந்தக் காலத்தைப் பற்றிக் கேட்டால், வேலை நடந்ததற்காக யாரும் கோபப்படுவதில்லை. "சிந்தாதிரிப்பேட்டையில இறக்கி விட்டுட்டாங்க சார், அங்கேருந்து சென்ட்ரல் போறதுக்கு ஒரு பஸ்ஸாவது நேரா விட்டிருக்கலாம்ல?" என்பதுதான் கேள்வி. பொது மருத்துவமனைக்குப் போகும் நோயாளிகளும் சென்ட்ரலில் வண்டி மாறுபவர்களும் மூட்டை முடிச்சோடு ஆட்டோ பேரம் பேசிய கதைகள் நிறைய.

பூங்கா நகரைத் தாண்டியதும் பாதை மேலே ஏறுகிறது. கூவம் கீழே கறுப்பாக விரிகிறது. சிந்தாதிரிப்பேட்டை, பிறகு சேப்பாக்கம். கிரிக்கெட் இருக்கும் இரவுகளில் மஞ்சள் சட்டைக் கூட்டம் படி கொள்ளாமல் ஏறி வரும். அன்றைக்கு மட்டும் இவ்வளவு பெரிய நிலையத்தை ஏன் கட்டினார்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

2024 அக்டோபர் 6 அன்று எந்த நிலையமும் போதவில்லை. மெரினாவில் விமானப்படையின் சாகச நிகழ்ச்சி, லட்சக்கணக்கில் ஜனம். கடற்கரைக்குப் பக்கத்திலேயே ஓடும் ரயில் இது ஒன்றுதான், அதுவும் அப்போது சிந்தாதிரிப்பேட்டையோடு பாதியில் நின்றுகொண்டிருந்தது. வேளச்சேரியிலும் கலங்கரை விளக்கத்திலும் பிளாட்பாரத்தில் நிற்க இடமில்லாமல் நெருக்கியடித்தார்கள்; வாசலில் தொங்கினார்கள். வெயிலிலும் நெரிசலிலும் அன்று ஐந்து பேர் இறந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அட்டவணைப்படியே வண்டி விட்டால் எப்படி என்று மறுநாள் பெட்டிக்குள் பேசிக்கொண்டார்கள். வருடம் முழுக்கக் காலியாகக் கிடக்கும் பாதை என்று அலுவலகக் கோப்புகளில் பெயர் வாங்கிய ஒன்று, தேவைப்பட்ட ஒரு நாளில் தாங்கவில்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றே என்று எனக்குத் தோன்றுகிறது: இந்த ரயிலை ஊரின் மற்ற நடமாட்டத்தோடு சேர்த்து யாரும் யோசித்ததில்லை.

திருவல்லிக்கேணியில் மேன்ஷன் பையன்கள் ஏறுகிறார்கள். இங்கிருந்து வண்டி பக்கிங்காம் கால்வாயைப் பிடித்துக்கொள்கிறது. 1877–78 பஞ்ச காலத்தில் உயிர் பிழைக்க வந்த ஜனங்கள் கூவத்துக்கும் அடையாறுக்கும் நடுவே வெட்டிய கால்வாய் இது. அன்றைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் ஒட்டிக்கொண்டது. நூறாண்டு கழித்து, வீடுகளை இடிக்காமல் ரயில் விட நகருக்குள் கிடைத்த ஒரே காலி இடமும் அதுவாகவே இருந்தது. கால்வாய்க்குள்ளேயே தூண்களை இறக்கினார்கள். நிலம் வாங்கும் செலவு மிச்சம். நீரோட்டம் அடைபட்டதும் நாற்றமும் கொசுவும் கரையில் குடியிருப்பவர்கள் தலையில். ரயிலின் தரம் பற்றிக் கருத்துக் கேட்கப் போகிறவர்கள் ரயிலில் ஏறாத இவர்களையும் ஒருமுறை கேட்கலாம். பெட்டிக்குள் கைக்குட்டையை மூக்கில் வைப்பவர் புதியவர். பழகியவர்கள் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

முண்டகக்கண்ணியம்மன் கோயில் நிலையம் 2014இல்தான் திறந்தது. அதுவரை 16 வருடம் வண்டி அந்த வழியாக நிற்காமலே போய்க்கொண்டிருந்தது. சிறிய நிலையம். சீக்கிரம் ஏறி இறங்கிவிடலாம் என்பதால் எனக்கு இந்தப் பாதையிலேயே பிடித்தது இதுதான்.

அடுத்தது மயிலாப்பூரின் நிலையமான திருமயிலை. இங்கே இறங்கிக் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும், ஏனென்றால் பயணிகள் சொல்லும் எல்லாப் புகாருக்கும் உருவம் கொடுத்தால் இந்தக் கட்டடம்தான் வரும். லஸ் பக்கம் யானை மாதிரி படுத்திருக்கிறது. மேல் தளங்களில் கடைகளும் அலுவலகங்களும் வரும், வாடகையில் ரயில் ஓடும் என்று கணக்குப் போட்டு இத்தனை பெரிதாகக் கட்டினார்கள். பாதை நெடுகப் பெரும்பாலான நிலையங்களில் அந்தக் கடைகள் வரவேயில்லை. ஆளில்லாத கூடங்களும் வெற்றிலை எச்சில் படிந்த மூலைகளும்தான் மிச்சம். டிக்கெட் கவுன்டரில் நாலைந்து ஜன்னல் இருக்கும், ஒன்று திறந்திருக்கும். படி ஏற வேண்டும், திரும்ப வேண்டும், மறுபடி ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ள அம்மாக்கள் கைப்பிடிச் சுவரைப் பிடித்து ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்குவார்கள். "எஸ்கலேட்டர் ஓடுற நாள்ல எனக்கு டூட்டி இல்ல" என்று ஒரு நர்ஸம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்.

இரவு எட்டு மணிக்கு மேல் இன்னொன்றையும் பார்க்கலாம். வண்டியிலிருந்து இறங்கும் பெண்கள் உடனே படியிறங்க மாட்டார்கள். பிளாட்பாரத்திலேயே பையைச் சரிசெய்வதுபோல் நிற்பார்கள். மூன்று நான்கு பேர் சேர்ந்ததும், ஒருவரையொருவர் தெரியாதவர்களே என்றாலும், ஒன்றாக இறங்கத் தொடங்குவார்கள். யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. விளக்கு எரியாத அந்த இரண்டு திருப்பங்களைத் தாண்டியதும் தெருவில் ஆளுக்கொரு திசையில் பிரிந்துவிடுவார்கள். சினிமாக்காரர்களுக்குக் கொலை, துரத்தல் காட்சிகள் எடுக்க இந்த நிலையங்கள் ஏன் அத்தனை பிடிக்கும் என்பது அங்கே நின்றால் விளங்கும்.

கபாலீசுவரர் கோயில் பக்கம் பூ விற்கும் ஓர் அக்கா திருவான்மியூரிலிருந்து வருகிறார். சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இருந்தும் காலையில் ரயிலில்தான் வருவாராம். பூ வாடுவதற்குள் வந்து சேரலாம். திரும்பும்போது பஸ். "கூடையைத் தூக்கிட்டு இத்தனை படி ஏற என்னால ஆவாதுப்பா. பஸ்ஸு ரோட்டுலயே நிக்குது." ஒரு நகரத்தின் போக்குவரத்துத் திட்ட அறிக்கை நூறு பக்கத்தில் சொல்ல வருவதை அவர் கூடையை இறக்கி வைக்கும் நேரத்தில் சொல்லிவிட்டார். இப்போது லஸ்ஸில் மெட்ரோவுக்காகத் தோண்டியிருப்பதில் பஸ்ஸும் சுற்றிப் போகிறது, அது தனிக்கதை.

மந்தைவெளி, அமைச்சர்கள் வீடுகள் இருக்கும் பசுமைவழிச் சாலை. பிறகு அடையாற்றின் மேல் வண்டி போகும் அந்தச் சில நொடிகள். செல்போனிலிருந்து தலை நிமிர்த்துபவர்கள் இங்கேதான் நிமிர்த்துகிறார்கள். கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போட்டித் தேர்வுப் பிள்ளைகள் இறங்குகிறார்கள். இவர்களைவிட விசுவாசமான பயணிகள் இந்தப் பாதைக்குக் கிடையாது. கஸ்தூரிபா நகர், இந்திரா நகர் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

திருவான்மியூரில் பெட்டியின் முகம் மாறுகிறது. 2000இல் வந்த டைடல் பார்க் மென்பொருள் வளாகம் நிலையத்துக்கு எதிரிலேயே நிற்கிறது. அடையாள அட்டை கழுத்தில் தொங்கும் கூட்டம் மொத்தமாக இறங்கும். நிலையமும் வேலையிடமும் பக்கத்தில் பக்கத்தில் அமைந்த அபூர்வமான இடம் இது, ஆகவே இங்கே குறை சொல்பவர்கள் குறைவு. தரமணியிலும் கொஞ்சம் அப்படித்தான். வண்டியின் எண்ணிக்கையைக் கூட்டினால் பைக்கை வீட்டிலேயே விட்டுவிடுவேன் என்று சொல்லும் இளைஞர்களை இங்கே நிறையக் காணலாம். நம்புவதற்கில்லைதான், ஆனாலும் விட்டுப் பார்க்கலாம்.

இந்தப் பாதையை மெட்ரோ நிறுவனத்திடம் ஒப்படைக்கும் பேச்சு பல வருடங்களாக இழுத்து, 2025இல் ரயில்வே வாரியம் கொள்கை அளவில் ஒப்புக்கொண்டது. டைடல்காரர்களுக்குச் சந்தோஷம்: ஏ.சி. வரும், சுத்தமாக இருக்கும். பூக்கார அக்காவுக்குக் கலக்கம். மெட்ரோவில் ஆரம்பமே 10 ரூபாய், உச்சம் 50. ஒரே பெட்டியில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் இவர்கள் கேட்பது வேறு வேறு ரயில். எனக்கு அக்கா பக்கம்தான் நியாயம் படுகிறது. பல்பு மாற்றுவதற்கும் லிஃப்டைப் பழுது பார்ப்பதற்கும் பஸ் நிறுத்தத்தை நிலைய வாசலுக்கு நகர்த்துவதற்கும் மெட்ரோ வந்தாக வேண்டும் என்று கட்டாயமில்லை.

பெருங்குடியைத் தாண்டி, சதுப்பு நிலத்தின் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டே வேளச்சேரி. இங்கிருந்து பரங்கிமலை 5 கிலோமீட்டர். அங்கே போய்ச் சேர்ந்தால் தாம்பரம் வண்டியும் மெட்ரோவும் ஒரே இடத்தில் கிடைக்கும். பாதையை அதுவரை நீட்ட 2008இல் தொடங்கிய வேலை ஆதம்பாக்கம் பக்கம் அரை கிலோமீட்டர் நிலத்துக்கான வழக்கில் பத்து வருடத்துக்கு மேல் நின்றுபோனது. வேளச்சேரிக்காரர்களிடம் அதைப் பற்றிக் கேட்டால் பதிலுக்குப் பதில் ஒரு பார்வைதான். நிலையத்திலிருந்து விஜயநகர் பேருந்து நிலையம் நடக்கிற தூரம்தான், ஆனால் நடைபாதை இல்லை. வாசலில் ஷேர் ஆட்டோக்காரர்கள் கூவுகிறார்கள். கடற்கரையிலிருந்து இதுவரை வந்த செலவைவிட அவர்கள் அந்த ஒரு கிலோமீட்டருக்குக் கேட்பது அதிகம். பயணிகள் பேரம் பேசாமல் ஏறி உட்காருகிறார்கள்.