குடியிருக்கும் வீட்டில் வேலை

எங்கள் புளோக்கில் இல்ல மேம்பாட்டுத் திட்டம் நடந்தபோது நாங்கள் வீட்டைக் காலி செய்யவில்லை. புக்கிட் பாத்தோக்கில் எண்பதுகளில் எழுந்த வீவக வீடு அது. குளியலறைத் தரையைப் பெயர்த்தார்கள், பழைய குழாயைக் கழற்றினார்கள். அம்மா அடுப்படியில் வழக்கம்போல ரசம் வைத்துக்கொண்டிருந்தார். ஆட்கள் வருவதற்குள் நாங்கள் குளித்துவிட வேண்டும், போகும்போது அவர்கள் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும் என்பது பேச்சு. வேலை தொடங்குமுன் மேற்பார்வையாளர் வந்து, வீட்டில் யார் எத்தனை மணிக்கு எழுந்திருப்பார்கள் என்றுகூடக் கேட்டு எழுதிக்கொண்டு போனார்.

அதே நாட்களில் அலுவலகத்தில் எனக்கும் அப்படியொரு வேலை வந்தது. சரக்கு லாரிகள் போய்வந்த விவரமெல்லாம் பல ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த ஒரு ஹடூப் கிளஸ்டர், 12 கணினிகள். அதில் ஸ்பார்க் என்ற கணக்கு எஞ்சினை ஓட்டிக் காட்ட வேண்டும்.

டக் கட்டிங்கும் மைக் கஃபரெல்லாவும் உருவாக்கிய ஹடூப் 2006 முதல் புழக்கத்தில் இருக்கிறது. பெரிய கோப்பை 128 எம்பி துண்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் மூன்று பிரதி எடுத்துப் பல கணினிகளில் வைத்துவிடும். பத்திரத்துக்குக் குறைவில்லை. ஆனால் அதன் மேப்ரெட்யூஸ் ஒவ்வொரு கட்டக் கணக்கையும் வட்டில் எழுதி, மறுபடி வட்டிலிருந்து படித்துத்தான் அடுத்த கட்டத்துக்குப் போகும். 2009-இல் பெர்க்லியில் மத்தேய் ஸஹாரியா தொடங்கிய ஸ்பார்க், இடைக்கணக்கை முடிந்தவரை நினைவகத்திலேயே வைத்துக்கொள்கிறது. 2014-இல் 206 கணினிகளைக் கொண்டு 100 டெராபைட் தரவை 23 நிமிடத்தில் வரிசைப்படுத்தினார்கள். அதற்கு முந்தைய ஹடூப் சாதனைக்கு 2,100 கணினிகளும் 72 நிமிடமும் பிடித்திருந்தன.

ஸ்பார்க்குக்குத் தனியாகக் கணினிகள் வாங்கலாம். ஆனால் தரவு முழுவதையும் அங்கே சுமந்துபோக வேண்டும், தினமும் புதிதாக வருவதையும் சேர்த்து. தரவு இருக்கும் இடத்துக்கு எஞ்சின் போவதுதான் முறை. 2013-இல் ஹடூப் 2 கொண்டுவந்த யார்ன் இதற்கு வழி விட்டது. கிளஸ்டரின் நினைவகத்தைப் பங்கிட்டுக் கொடுப்பது அதன் பொறுப்பு. என்னை மயக்கியது இன்னொன்று. 12 கணினிகளில் எதிலும் ஸ்பார்க்கை நிறுவ வேண்டியதில்லை. வேலையை அனுப்பும் ஒரே ஒரு கணினியில் வைத்து, ஹடூப்பின் அமைப்புக் கோப்புகள் எங்கே இருக்கின்றன என்று காட்டினால் போதும், தேவையான நிரல்கள் தாமாகவே மற்றக் கணினிகளுக்குப் போய்ச் சேரும். யார்ன் இல்லாத பழைய கிளஸ்டர்களுக்கு சிம்ர் என்று ஒரு கருவி இருந்தது. ஸ்பார்க் அதில் சாதாரண மேப்ரெட்யூஸ் வேலைபோல உள்ளே நுழையும், நுழைந்தவற்றில் ஒன்று தலைமை ஏற்கும், மற்றவை அதன்கீழ் வேலை செய்யும். நிர்வாகியின் அனுமதிகூட வேண்டாம். அபாரமான யோசனை, இன்றும் மெச்சுகிறேன்.

யார்னிலும் யாரையும் கேட்காமல் நுழைய முடிந்ததால் நான் யாரையும் கேட்கவில்லை. தவறு அங்கேதான். இரவு பதினொரு மணிக்கு வீட்டிலிருந்தே வேலையை அனுப்பிவிட்டுப் படுத்தேன். ஐந்து மணிக்குக் கைப்பேசி அடித்தது. இரவுக் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன்.

“தம்பி, உங்க வேலைய நிறுத்துங்க. லாரிக்காரங்க வந்து நிக்கிறாங்க, இன்னும் லிஸ்ட் வரல.”

மூன்று மணிக்கு ஓட வேண்டிய அவர் கணக்கு என் வேலைக்குப் பின்னால் காத்துக்கிடந்தது. ஸ்பார்க்கின் கணக்கைப் போடும் ஒவ்வொரு எக்ஸிக்யூட்டருக்கும் நான் கேட்டது 16 ஜிபி நினைவகம். ஸ்பார்க் அதன்மேல் பத்து விழுக்காடு தன் உபரிச் செலவுக்குக் கேட்கும், யார்ன் அதை முழு ஜிபியாக்கி 18 கொடுக்கும். ஒரு கணினியில் யார்ன் வசம் இருந்தது 64 ஜிபி. மூன்று எக்ஸிக்யூட்டர்தான் அமரும், மீதி 10 ஜிபி வீண். அடுத்தவர் இடத்தையும் பிடித்தேன், பிடித்ததையும் முழுதாகப் பயன்படுத்தவில்லை.

நிறுத்திவிட்டு, விடிந்ததும் சின்னக் குய்லின் குளக்கரைக்குப் போய் உட்கார்ந்தேன். கருங்கல் வெட்டிய பள்ளத்தில் நீர் நிறைந்த இடம் அது, பள்ளத்தைத் தூர்க்காமல் அப்படியே பூங்காவாக்கியிருக்கிறார்கள். அங்கே காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். 14 ஜிபி கேட்டால் யார்ன் 16 கொடுக்கும். நான்கு எக்ஸிக்யூட்டர், சரியாக 64.

அன்று மத்தியானம் அண்ணனிடம் போனேன். அவருடைய வேலைகள் எப்போது தொடங்கும், எது தாமதித்தால் யார் காத்திருப்பார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அதை வைத்து யார்னில் தனித்தனிக் கியூ பிரித்தோம், அவருடையதற்கு உறுதியான பங்கு. என் எக்ஸிக்யூட்டர் 60 விநாடி சும்மா இருந்தால் இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும்படி அமைத்தேன். அப்படிப் போகும்போது அதன் இடைக்கணக்கு அழிந்துபோகாமல் இருக்க, 12 கணினிகளிலும் ஷஃபிள் சேவை ஒன்று ஓட வேண்டும். அதற்கு நிர்வாகியின் கை தேவைப்பட்டது, கேட்டதும் செய்து கொடுத்தார்.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். ஓடிக்கொண்டிருக்கும் கிளஸ்டரில் எதையாவது ஏற்றுமுன், அங்கே இரவுக் கணக்கை யார் பார்க்கிறார்கள் என்று விசாரியுங்கள். ஒரு ராத்திரி அவர் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.