கடிதங்களும் அமானிதமே

களமருதூரில் உள்ள எங்கள் மதரஸாவின் அலுவலகம் மிகச் சிறியது. மூன்றாண்டுகளுக்கு முன் புதிய வகுப்பறைகள் கட்டியபோது பொறியாளரோடு நடந்த கடிதப் போக்குவரத்து முழுவதும் மின்னஞ்சலில்தான். அதைக் கவனித்தவர் எழுத்தர் ஒருவர் மட்டுமே.

சென்ற ஆண்டு அவர் வளைகுடா நாட்டிற்குப் புறப்பட்டார். பின்னர் நாங்கள் மாடி எழுப்ப முனைந்தோம். அஸ்திவாரம் குறித்துப் பொறியாளர் ஏதோ எழுதியிருந்தாரே என்று மூத்த உறுப்பினர் ஒருவர் நினைவூட்டினார். தேடினால் அஞ்சற்பெட்டி வெறுமையாக இருந்தது! பழைய 'பாப்' முறையில் கடிதங்கள் யாவும் எழுத்தரின் சொந்தக் கணினியில் இறங்கி, மூல இடத்திலிருந்து நீங்கிவிட்டிருந்தன. தொலைபேசியில் கேட்டதும் அவர் அனுப்பிவைத்தார். 'இவ்வஸ்திவாரம் மாடியைத் தாங்காது' என்றிருந்தது. பிள்ளைகள் அமரும் கூரைமீதா பாரம் ஏற்றவிருந்தோம்!

அமானிதம் பற்றி நாள்தோறும் பாடம் நடத்தும் நானும், அக்கடிதங்கள் எங்கே என ஒருநாளும் கேட்டதில்லை.

1986இல் மார்க் கிறிஸ்பின் வகுத்த 'ஐமேப்' முறையில் கடிதங்கள் மூல இடத்திலேயே தங்கும். ஒரே தொகுப்பைப் பலரும் படிக்கலாம். ஆனால் ஒருவர் அழித்தால் அனைவருக்கும் அழியும். ஆகவே மாதந்தோறும் நகல் எடுக்கிறோம். பணிக்கென்று பொது முகவரி உண்டு. சொந்தக் கடிதங்களுக்கு அதில் இடமில்லை. பிறர் அந்தரங்கத்தைத் துருவுவது நமக்கு ஆகாதல்லவா?

உங்கள் அலுவலகக் கடிதங்கள் ஒருவர் வசம் மட்டும் உள்ளனவா? அவர் பயணம் புறப்படுமுன் கேட்டு வாங்கி வையுங்கள்.