இந்த வருசம் நெல்லைக்கு யாரு?

திருநெல்வேலியில் இருந்து மதுரை சாலையில் வடக்கே போனால் தாழையூத்து. அங்கே சிமென்ட் ஆலையை ஒட்டி வளர்ந்த சங்கர் நகரில்தான் இருக்கிறது இந்தியா சிமென்ட்ஸ் மைதானம். டிஎன்பிஎல் ஆட்டம் வந்துவிட்டால் தாமிரபரணிக் கரை ஊர்களின் கிரிக்கெட் ரசிகர்கள் இங்கே திரண்டுவிடுவார்கள்.

2023-ல் பேச்சு பிப்ரவரியிலேயே சூடு பிடித்தது. டிஎன்பிஎல் வரலாற்றில் முதல் ஏலம்! சாய் சுதர்சனை லைகா கோவை கிங்ஸ் 21.6 லட்ச ரூபாய்க்கு எடுத்தது. ஐபிஎல்லில் அப்போது அவர் விலை 20 லட்சம்தான். "ஐபிஎல்லையே மிஞ்சிட்டுல்லா!" என்று டீக்கடைகளில் ஒரே வியப்பு.

ஜூலை 12. இறுதிப் போட்டி சங்கர் நகரிலேயே நடந்தது. சொந்த ஊரில் நெல்லை ராயல் கிங்ஸ். எதிரே அதே கோவை. கோவை 205 ரன் குவித்தது. நெல்லை 101-க்கு ஆல் அவுட். கோப்பை கண் முன்னாலேயே கைமாறிப் போனது.

அணியில் பலருக்கு இது சொந்த ஊர் இல்லை. அடுத்த ஏலத்தில் யார் எந்த ஊர் சட்டை போடுவார் என்றும் தெரியாது. ஆனால், சட்டையில் 'நெல்லை' என்று இருக்கிறதே! அந்தப் பெயர் தோற்றதில்தான் ஊருக்கு வலி.

அதனால்தான் ஒவ்வொரு சீசனுக்கு முன்னாலும் டீக்கடையில் முதல் கேள்வி இதுதான்: "இந்த வருசம் நெல்லைக்கு யாரு?"